சீஃப் மலைக்குப் போயிருந்த வியாழக்கிழமை

ஓய்வு பெற்ற பிறகும் மாதத்தில் ஒரு நாள் நம் மருத்துவமனைக்கு வந்து போகிறேன். இதன் வரலாற்றை எழுதும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்கவில்லை. எந்தக் கட்டடம் எந்த மாதத்தில் எழும்பியது, எந்தப் பிரிவு எந்தக் கிழமையில் தொடங்கியது என்று தேடிக் குறித்துவைப்பது பழக்கமாகிவிட்டது. சென்ற முறை வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவர்களான உங்களில் இருவர் மாடிப்படியில் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

"மலைக்குப் போயி சாமி பாத்துட்டு வர்றதுக்கு இவ்ளோ சடங்கா? கட்டில் கட்டிலா நின்னு, சொத்து எழுதி வைக்கிற மாதிரி ஒப்படைக்கிறாங்க."

"பேஷன்ட்டையே சாட்சிக்கு வச்சுக்கிறாங்க பாரு. அதான் இதுல பெரிய கூத்து."

நானும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கைதான். வேறு ஊர் மருத்துவமனைகளில் இப்படியொரு வழக்கம் இருக்காது. இருக்கத் தேவையும் இல்லை. நம் திருப்பதியில் அது எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு பயிற்சி மருத்துவர் அறுவை மருத்துவர் ஆவாரா, மாட்டாரா என்ற கேள்வியிலிருந்து பிறந்த வழக்கம் அது. நாளும் கிழமையும் சொல்லாமல் எனக்கு எழுத வராது. ஆனால் ஆண்டை மட்டும் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

அப்போது நம் பொது அறுவைத் துறையில் இரண்டு யூனிட்டுகள். ஏ யூனிட்டுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் சீஃப் என்றே அழைப்போம். திருப்பதியிலும் சித்தூரிலும் அவர் கைபட்ட வயிறுகள் எத்தனையோ. பி யூனிட்டை நடத்தியவர் ரமணா. அவர் சீஃப்பிடமே தொழில் கற்றவர். ஒரு யூனிட்டில் சேர்ந்த நோயாளி, வீடு திரும்பும்வரை அந்த யூனிட்டுக்குச் சொந்தம். ஒருவர் அறுவை செய்த உடம்பை மற்றவர் தொடுவதென்றால் முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எங்கும் எழுதாத சட்டம் இது. கெட்ட சட்டம் என்று சொல்ல மாட்டேன். 'என் நோயாளி' என்று ஒருவர் நெஞ்சில் சுமப்பதால்தான் பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை ஏழு மலைக்கு மேலே இருந்தது.

சீஃப் மாதந்தோறும் தம் நட்சத்திர நாளில் மலைக்குப் போவார். காலை ரவுண்ட்ஸ் முடித்து, அலிபிரி வழியாகக் காரில் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுவார். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட வேண்டும். ஆக, மாதத்தில் ஒரு நாள், சில மணி நேரம், ஏ யூனிட் நோயாளிகளுக்குத் தலைவர் உண்டு, ஆனால் அவரைக் கூப்பிட முடியாது. நம் மருத்துவர்கள் எல்லோருமே மலைக்குப் போகிறவர்கள்தான். 'மதியத்துக்குள்ள வந்துடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போவது எல்லோருக்கும் பழகியிருந்தது. நமக்காக வரிசை சீக்கிரம் நகரும் என்ற நம்பிக்கை இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு.

ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்ற நாட்கள். வடமாலபேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்த முனிரத்தினம் என்ற மாந்தோப்புக்காரருக்கு இரண்டு நாள் முன்புதான் சீஃப் பித்தப்பையை எடுத்திருந்தார். காலையில் சீஃப் கேட்டார், "எப்படி இருக்கு?" அவர், "நல்லா இருக்கேன் சாரு. இன்னிக்கே அனுப்பிட்டா பரவால்ல. டிராக்டரு அங்க நின்னுக்கினு கீது" என்றார். சீஃப் சிரித்தார். நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு மலைக்குக் கிளம்பினார்.

ஏ யூனிட்டின் இறுதியாண்டுப் பயிற்சி மருத்துவர் ஹேமாவதி. நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. சீஃப் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அவர் முனிரத்தினத்தின் கையைப் பிடித்தபோது நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை ஈரம். வயிறு பலகைபோல் இறுகத் தொடங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் ரத்தம். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே வந்தது. உடனே திறந்து ரத்தம் வரும் இடத்தைக் கட்ட வேண்டும். இறுதியாண்டில் இருப்பவர் தனியாகச் செய்கிற காரியமல்ல அது.

சீஃப்பின் போன் அணைந்திருந்தது. ஹேமாவதி அவருடைய டிரைவரைப் பிடித்தார். டிரைவர் மலைமேல் கார் நிறுத்துமிடத்தில் இருந்தார். 'ஐயா உள்ளே போய்விட்டார், இன்றைக்குக் கூட்டம் அதிகம், வரிசை நகரவில்லை என்கிறார்கள்' என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. வாசல்வரை ஓடிப்போய்ச் சொல்லிப் பார்த்தாராம். அத்தனை ஆயிரம் தலைகளில் அவர் யாரைக் கண்டுபிடிப்பார்?

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஹேமாவதிக்கு முன்னால் இருந்த வழிகளில் மிகவும் பாதுகாப்பானது காத்திருப்பதுதான். ரத்தம் ஏற்றிக்கொண்டே, சீஃப் வரும்வரை காத்திருந்தால், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முனிரத்தினம் இறந்திருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் காத்திருக்கவில்லை. மயக்க மருத்துவரை அழைத்தார், ரத்தத்துக்குச் சொல்லி அனுப்பினார், முனிரத்தினத்தின் மனைவி வள்ளியம்மாவிடம் நிலைமையைச் சொல்லிச் சம்மதம் வாங்கினார், நோயாளியை மேஜையில் படுக்கவைத்தார். அதன் பிறகுதான் பக்கத்துத் தியேட்டரில் ஓர் அறுவையை முடித்துக்கொண்டிருந்த ரமணாவிடம் போய் நின்றார். எனக்கு அங்கிருந்தே போன் செய்து, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். நான் அப்போது மருத்துவக் கண்காணிப்பாளர். அன்று நம் சித்தூர்க் கிளையில் இருந்தேன். காரில் கிளம்பினாலும் நான் வந்து சேரும் முன் காரியம் மிஞ்சிவிடும்.

"சார், ஏ யூனிட் பேஷன்ட். உள்ளே பிளீடிங். ரமணா சார் சீஃப் கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ங்கறாரு. சீஃப் லைன்ல இருக்காரு."

"லைன்ல இருக்காரா? அப்ப குடு, பேசறேன்."

"அந்த லைன் இல்ல சார். தரிசன லைனு."

பின்னால் ரமணாவின் குரல் கேட்டது. "யாரைக் கேட்டும்மா டேபிள்ல ஏத்தினே? நாளைக்கு அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நாளைக்கு முழிக்கலாம் சார். இவரு இன்னிக்கே முழிக்கணும் இல்ல."

ரமணா போனுக்கு அருகில் வந்தார். பிறகு என்னிடம், "சார், சீஃப் கேட்டா, நீங்க சொன்னதா சொல்லலாமா?" என்றார்.

நான் பொது மருத்துவன், கத்தி பிடித்தவனல்ல. அந்த வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் என்னிடம் கேட்டது மருத்துவ ஆலோசனை அல்ல, நின்றுகொள்ள ஓரடி இடம். "தாராளமா சொல்லுங்க. என் பேரை முதல்ல சொல்லுங்க" என்றேன். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் செய்யக்கூடிய மருத்துவம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ரமணா திறந்தார். சிறிய தமனி ஒன்றில் போட்டிருந்த கிளிப் நழுவியிருந்தது. எவ்வளவு நல்ல கை போட்ட கிளிப்பும் எப்போதாவது நழுவும். தொழில் தெரிந்தவர்கள் இதில் யாரையும் பழிக்க மாட்டார்கள். ரமணா கட்டினார். முனிரத்தினம் பிழைத்தார்.

நான் வந்து சேர்ந்து வெகுநேரம் கழித்து, பிற்பகலில், நெற்றியில் நாமமும் கையில் பிரசாதப் பையுமாக சீஃப் வந்தார். நேராக நோயாளியிடம் போனார். நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ரமணாவிடம் என்ன கண்டாய் என்று கேட்டார். கிளிப் என்றதும் தலையாட்டினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரமணாவிடமும் சொல்லவில்லை. வெளியே வந்து ஹேமாவதியிடம் மட்டும், "நாளையிலிருந்து என் தியேட்டருக்கு வர வேண்டாம். வார்டைப் பார்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவர்கள் மூவர் சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்திலும் கோபம் கடைசியில் இறங்குவது இருப்பவரில் சின்னவர் தலையில்தான். இது எல்லா மருத்துவமனைக்கும் பொது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். தியேட்டருக்குள் விடாத அறுவை மருத்துவர், தண்ணீரில் இறங்காத நீச்சல்காரர். இறுதியாண்டில்தான் கை பழகும். சீஃப் அவருக்கு யூனிட் தலைவர் மட்டுமல்ல, பயிற்சி வழிகாட்டியும்கூட. ஒரு பெண்ணின் தொழில் முழுவதும் ஒரு மனிதரின் மனநிலையில் தொங்கும்படி நாங்கள் அமைத்துவைத்திருந்தோம். அது தவறாகப் போகும்வரை அதை ஓர் அமைப்பு என்று யாரும் நினைக்கவே இல்லை.

ஹேமாவதி வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். கூடப் பயின்றவர்கள் விட்டுவைப்பார்களா? "ஏம்மா ஹேமா, பி யூனிட்டுல உனக்கு மட்டும் ஸ்பெஷல் தரிசனமாமே?" என்று ஒருவன் கேட்டது என் காதுபடவே நடந்தது. அவரும் சளைக்கவில்லை. "ஆமாண்டா, உனக்கும் டிக்கெட் வாங்கித் தரட்டா? வயித்துல கத்தி போட்டு அனுப்பறேன்" என்றார். ஆனால் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

நான் அவரை அறைக்கு அழைத்து, சித்தூர்க் கிளைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அங்கே கேஸ்கள் சிறியவை, ஆனால் நிம்மதி.

"வேணாம் சார்."

"ஏம்மா? அங்க உன்னைத் தியேட்டருக்குள்ள விடுவாங்க."

"தப்பு செஞ்சவங்களத்தான் சார் மாத்துவாங்க. நான் போயிட்டா, இன்னா தப்பு பண்ணாளோன்னு பேசிக்கினே இருப்பாங்க. அப்பால அடுத்த தடவ எவனும் பக்கத்து யூனிட்டக் கூப்பிட மாட்டான். பேஷன்ட்டு படுத்துக்கினே இருப்பான்." பிறகு, "எங்க நைனாவாண்ட நான் இன்னும் ஒண்ணியும் சொல்லல சார். எப்ப ஆபரேஷன் பண்ணுவே, எப்ப பண்ணுவேன்னு கேட்டுக்கினே கீறாரு" என்றார். எப்போதும் என்னிடம் திருத்தமாகப் பேசுகிறவர் அன்று வீட்டுப் பேச்சில் பேசினார். சங்கடம் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

சீஃப்பிடம் போனேன். அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன். "ஒரு மனுஷன் வயித்தை என்னை நம்பித் தர்றான். கண் முழிக்கிறப்போ என் முகம் இருக்கணும். இருந்ததா? நான் செத்தா போயிட்டேன்?" என்றார். கோபத்தில் பாதி அவமானம். இன்னொரு பாதி, நல்ல மருத்துவருக்கு மட்டும் வரும் துக்கம். அதை அன்று புரிந்துகொண்டேன் என்பதில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு. அவரோடு வாதாடியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

இதற்கு விடை எனக்கு இரண்டு இடங்களிலிருந்து கிடைத்தது. ஒன்று வள்ளியம்மா. கணவரை வீட்டுக்கு அழைத்துப்போகும் அன்று சொன்னார்: "காத்தாலயே அவருக்கு வேர்த்துக்கினு இருந்துச்சு சாரு. இட்லி வச்சா துன்னல. பெரிய டாக்டராண்ட நல்லாக்கீறேன்னு பொய் சொன்னாரு, மாங்கா நெனப்பு அவருக்கு. நான் சொல்லலாம்னு வந்தா, அவரு கொண்டக்குப் போயிட்டாருன்னாங்க, மலைக்கு. சாமி பாக்கப் போனவர எப்படிக் கூப்புடறது? வேற யாராண்ட சொல்லணும்னு எனக்கு யாரு சொன்னாங்க?"

இன்னொன்று கல்வெட்டு. பழைய கல்வெட்டுப் படிகளை வாசிப்பது என் பொழுதுபோக்கு. மலைக் கோயில் சுவர்களில் உள்ளவற்றில் பெரும்பகுதி தமிழ். ஒருவர் விளக்குக்குத் தர்மம் வைத்தால், அவர் பெயரும் நாளும் நட்சத்திரமும் மட்டும் வெட்டுவதில்லை. அவருக்குப் பின் அந்த விளக்கை எரிய வைப்பது யார் பொறுப்பு என்பதும் வெட்டப்பட்டிருக்கும். விளக்குக்குச் செய்ததை நாம் மனிதர்களுக்குச் செய்யவில்லையே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோன்றியது.

அதற்கு அடுத்து வந்த சனிக்கிழமை, நம் வழக்கமான கூட்டம். சிக்கலாகிப் போன கேஸ்களைத் துறையே கூடிப் பேசுவது. முனிரத்தினத்தின் கேஸை ஹேமாவதியே முன்வைத்தார். முடிந்ததும் நான் ஒன்று மட்டும் கேட்டேன். "சீஃப் கார் ஏறினதிலிருந்து திரும்பி வந்த வரைக்கும், இந்த நோயாளி யாருடையவர்?"

ரமணா எழுந்தார்.

"என்னுடையவரா இருந்திருக்கணும். ஆனா நான் அப்படி நினைக்கல. இந்தப் பொண்ணு வந்து நின்னப்போ, அந்த ஆளோட பிரஷர் என்னன்னு நான் முதல்ல கேக்கல. சீஃப் என்ன நினைப்பார்னுதான் யோசிச்சேன். சார், நீங்க எனக்கு அப்படிச் சொல்லிக் குடுக்கல." கடைசி வாக்கியத்தைச் சீஃப்பைப் பார்த்துச் சொன்னார்.

சீஃப் ஹேமாவதி பக்கம் திரும்பினார். அன்றைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. "ரமணா வர மாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"கண்காணிப்பாளர் சாரை ஸ்பீக்கர்லயே நிறுத்தி வச்சிருப்பேன் சார்."

"அவருக்குக் கத்தி பிடிக்கவே தெரியாதேம்மா."

"திட்டத் தெரியும் இல்ல சார்."

சிரிப்பு எழுந்தது. சீஃப் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

அன்றே இரண்டு விதிகளைப் பேசி முடிவு செய்தோம். எந்த மருத்துவரும் ஊரை விட்டோ போனை விட்டோ விலகும் முன், தம் நோயாளிகளை இன்னொருவரிடம் கட்டிலருகே, நோயாளியும் குடும்பத்தாரும் கேட்க, பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். போனவர் திரும்பும்வரை பொறுப்பேற்றவரே முழு உரிமையாளர். அவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இரண்டாவது, பயிற்சி மருத்துவர் ஒருவரைத் தியேட்டரிலிருந்து விலக்கும் முடிவைத் தனியொருவர் எடுக்க முடியாது. துறை கூடித்தான் எடுக்க வேண்டும். விதி எழுதுவது எளிது. சீஃப் மதிக்காத விதி அந்தக் கட்டடத்தில் ஒரு வாரம்கூட உயிரோடிருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹேமாவதிக்கும் தெரியும். அடுத்த நட்சத்திர நாள்வரை அவர் வார்டில்தான் இருந்தார். துறையைக் கூட்டி அவரைத் தியேட்டருக்குள் தள்ளிவிட என்னால் முடிந்திருக்கும். அப்படிப் போனால் ஒதுங்கி நின்று பார்க்கத்தான் முடியும், கற்றுக்கொள்ள முடியாது என்று பொறுத்திருந்தேன்.

அந்த நாளும் வந்தது. காலையில் சீஃப் வார்டுக்கு வந்தார். ரமணாவை அழைத்து வரச் சொன்னார். முதல் கட்டிலில் சத்தியவேட்டுக்காரர் ஒருவர். சீஃப் அவர் தோளைத் தொட்டு, "நான் மலைக்குப் போறேன். வர்ற வரைக்கும் இவர்தான் உங்க டாக்டர். பேரு ரமணா. வலிச்சா இவர்கிட்ட சொல்லுங்க. நல்லாயிருக்குன்னு பொய் சொல்லாதீங்க" என்றார். ஒவ்வொரு கட்டிலிலும் அதையே சொன்னார். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். கடைசிக் கட்டில் முடிந்ததும், சற்றுத் தள்ளி நின்ற ஹேமாவதியைப் பார்த்தார்.

"இன்னிக்கு என் லிஸ்ட்ல முதல் கேஸ் பித்தப்பை. நீ பண்ணு. ரமணா பக்கத்துல நிப்பான், கை வைக்க மாட்டான்."

"சார்... நீங்க இல்லாமலா?"

"நான் இல்லாதப்போ நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியுமே."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. இத்தனை ஆண்டுப் பணியில் நான் கண்ட காட்சிகளில் எனக்கு அதிகப் பெருமை தருவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். விதியை எழுதியது நான். அதற்கு உயிர் கொடுத்தவர், அந்த விதியால் அதிகம் புண்பட்டவர்.

நீங்கள் சேர்ந்திருக்கும் துறையில் கூர்மையான கைகள் நிறைய உண்டு. கை கூர்மையாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் நோயாளி இந்த நிமிடம் யாருடையவர் என்று உங்களுக்கும் அவருக்கும் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், கூச்சப்படாமல் பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். தட்டியவரைத் தண்டிக்காத மருத்துவமனை இது. இப்படி ஆனதன் கதையைத்தான் சொன்னேன்.

ஹேமாவதி அந்தப் பித்தப்பையை எடுத்த அன்று வரிசை சீக்கிரம் நகர்ந்துவிட்டது போலிருக்கிறது. சீஃப் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே இறங்கி வந்துவிட்டார். தியேட்டர் வாசலில் நின்று, கதவைத் தள்ளாமல், உள்ளேயிருந்து வந்த நர்ஸிடம் கேட்டார்: "நான் வரணுமான்னு அந்தப் பொண்ணைக் கேளும்மா."

நர்ஸ் உள்ளே போய்த் திரும்பி வந்தார். "இப்போ வேணாம்னு சொல்லச் சொன்னாங்க சார். எல்லாம் சரியாத்தான் போய்க்கினு இருக்காம்."

சீஃப் கேன்டீனுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். எதிரில் உட்கார்ந்து காபி சொன்னார். "உள்ள வர வேணாங்குது அந்தப் பொண்ணு" என்றார். காபி வந்ததும், கொண்டுவந்த பையனிடமும் அதையே சொன்னார். போகும்போது கல்லாவில் இருந்தவரிடம் நின்று, இன்னொரு முறை சொன்னார்.